காற்றும் குளிரும்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குளிர் விஷயம் வேறு. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்வெட்டர் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். கேட்டால், "நம்ம ஊர்ல இன்னா பெரிய குளிரு" என்பார்கள். ஆனால் அதே வீட்டுப் பிள்ளைகள்தான் மார்கழி விடியலில் பைக்கில் ஏலகிரி ஏறுகிறார்கள், ஜவ்வாது மலையில் டென்ட் போட்டுப் படுக்கிறார்கள். கண்ணமங்கலம் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கிருந்து போனவர்கள் லடாக்கிலும் காஷ்மீரிலும் காவல் நின்றிருக்கிறார்கள். படித்து முடித்த பிள்ளைகள் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் விமானம் ஏறுகிறார்கள். பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டாலும், இந்தக் கதை நான்குக்கும் பொதுதான்.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தெர்மாமீட்டர் காட்டும் எண் பாதிக் கதைதான். மீதிப் பாதியைக் காற்றும் ஈரமும் சொல்கின்றன.

படி 1: ஃபேன் முன்னால் ஒரு தெர்மாமீட்டர்

சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று போதும் (காய்ச்சல் பார்ப்பது வேண்டாம்). அறையில் அது 30 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேராக டேபிள் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அதே 30தான் இருக்கும். ஆனால் ஃபேன் முன்னால் உட்கார்ந்த உங்களுக்குச் சில்லென்று இருக்கும். இப்போது தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அதே இடத்தில் மாட்டுங்கள். எண் மளமளவென்று இறங்கும்.

நம் உடம்பைச் சுற்றி எப்போதும் மெல்லிய சூடான காற்றுப் படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. உடம்பே சூடாக்கி வைத்திருக்கும் படலம் அது. காற்று அடித்தால் அது கலைந்துபோகும். அந்த இடத்தில் குளிர்ந்த காற்று வந்து நிற்கும். அதைச் சூடாக்க உடம்பு மறுபடி வெப்பத்தைச் செலவழிக்கும். காற்று நிற்காமல் அடித்தால் செலவும் நிற்காது. தெர்மாமீட்டருக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, அதனால் அதற்கு இழப்பும் இல்லை. கத்திரி வெயிலில் 42 டிகிரியில் ஃபேன் அனலாக வீசுவதும் இதே கணக்குதான்: அப்போது காற்று நம் தோலைவிடச் சூடு.

இதிலிருந்து வரும் விஷயம் முக்கியமானது. ஈரமில்லாத எந்தப் பொருளையும் காற்று சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது (ஈரத்துணியின் கதையைப் படி 4இல் பார்ப்போம்). வெளியே 3 டிகிரி, காற்றைச் சேர்த்துப் பார்த்தால் மைனஸ் 3 போல இருக்கிறது என்றால், குழாய்த் தண்ணீர் உறைந்துவிடாது. அது 3 டிகிரி வரைதான் இறங்கும், கொஞ்சம் வேகமாக இறங்கும். "போல இருக்கிறது" என்பது சூட்டைத் தானே உண்டாக்கும் உயிருள்ள உடம்புக்கான கணக்கு. இதைத்தான் விண்ட் சில் என்கிறார்கள். போனில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலைக்குக் கீழே சின்ன எழுத்தில் "உணரும் வெப்பம்" என்று இன்னொரு எண் வருமே, குளிர் நாட்களில் அது பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் வருகிறது.

படி 2: காற்றின் வேகத்தைக் கண்ணால் அளப்பது

வேகம் போனில் கிடைக்கும். ஆனால் அது பக்கத்து ஊர் நிலையத்தின் எண்ணாக இருக்கலாம். மலை முகட்டில் நிலைமை வேறு. கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, லேசான கொடி விரிந்து பறந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதியும் கிழிந்த காகிதமும் தரையிலிருந்து எழுந்தால் 20 முதல் 28. சின்ன மரங்கள் முழுதாக ஆடினால் 30ஐத் தாண்டிவிட்டது. குடையைப் பிடிக்க முடியாமல் திணறினால் 40.

பைக்கில் போகிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. இலை அசையாத நாளிலும் ஸ்பீடோமீட்டரில் 50 இருந்தால் நெஞ்சில் அடிக்கும் காற்றும் 50தான்.

படி 3: எண்ணைப் படிப்பது

இந்தக் கணக்கின் தொடக்கம் அண்டார்டிகா. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் அங்கே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். 1945இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. பிளாஸ்டிக் உருளை மனித முகம் ஆகாது அல்லவா? அதனால் அந்தப் பழைய கணக்கு குளிரைக் கூட்டியே சொன்னது. பிறகு தன்னார்வலர்களைக் காற்றுச் சுரங்கத்தில் நடக்கவைத்து, முகத்தில் வெப்பம் எவ்வளவு போகிறது என்று அளந்து, அமெரிக்காவும் கனடாவும் 2001இல் புதிய சூத்திரத்துக்கு மாறின. இன்று நாம் பார்ப்பது அதுதான்.

சூத்திரம் வேண்டுவோருக்கு: 13.12 + (0.6215 × வெப்பநிலை) − (11.37 × வே) + (0.3965 × வெப்பநிலை × வே). இதில் "வே" என்பது காற்றின் வேகத்தை 0.16 அடுக்குக்கு உயர்த்திய எண். வெப்பநிலை செல்சியஸில், வேகம் மணிக்குக் கிலோமீட்டரில். மற்றவர்களுக்கு இந்த எண்கள் போதும்:

10 டிகிரி, காற்று 20 என்றால் 7 போல இருக்கும். காற்று 40 என்றால் 6.
0 டிகிரி, காற்று 20 என்றால் மைனஸ் 5. காற்று 40 என்றால் மைனஸ் 7.
மைனஸ் 10, காற்று 20 என்றால் மைனஸ் 18. காற்று 40 என்றால் மைனஸ் 21.
மைனஸ் 20, காற்று 30 என்றால் மைனஸ் 33.

கொஞ்சம் நின்று கவனியுங்கள். காற்று முதலில் எட்டும் 20 கிலோமீட்டரிலேயே பெரும்பகுதிச் சூடு போய்விடுகிறது. அதற்குமேல் வேகம் இரட்டித்தாலும் கூடுதலாகப் போவது கொஞ்சம்தான். "லேசான காத்துதானே" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. இன்னொன்று: குளிர் கூடக் கூட அதே காற்று அதிகமாகப் பறிக்கிறது. 10 டிகிரியில் 3 டிகிரியை எடுத்துக்கொண்ட காற்று, மைனஸ் 10இல் 8ஐ எடுத்துக்கொள்கிறது.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. 10 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தால்தான் பொருந்தும். வெயில் அடித்தால் அந்த எண்ணைவிடக் கதகதப்பாகவே இருக்கும், அதை இது கணக்கில் எடுப்பதில்லை. உடம்பு நனைந்திருந்தால் நிலைமை எண்ணைவிட மோசம், அதையும் எடுப்பதில்லை. நம் பக்கத்துக்கு இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

படி 4: ஈரத்தைக் காற்றைவிடப் பெரிய எதிரியாக நினைப்பது

தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஈரத்துணியில் காற்று பட்டால் அந்த ஈரம் ஆவியாகி, அதற்கு வேண்டிய வெப்பத்தையும் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டியது இதைத்தான். அதனால்தான் 18, 20 டிகிரியில்கூட ஒரு மனிதருக்கு உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்க முடியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் கரையேறி உள்ளே வரும்போது நம் பக்கம் நாள் முழுக்க மழையும் காற்றும் சேர்ந்தே அடிக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தபோது அப்படித்தான் இருந்தது. அந்த மாதிரி நாளில் நனைந்த சட்டையோடு பைக்கில் ஒரு மணி நேரம் போகிறவரின் நிலை, மலையில் காய்ந்த துணியோடு நிற்கிறவரைவிட மோசம்.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்கள், ஈர வேட்டியோடு கோயிலில் நிற்கும் மாலை போட்ட சாமிகள், விடியலில் தலைக்குக் குளித்து முடியைக் காயவிடாமல் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பையில் காய்ந்த பனியனும் துண்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி இருக்கட்டும். நனைந்ததும் மாற்றிவிடுங்கள். மாற்ற வழியே இல்லை என்றால் ஈரத்துணிக்கு மேல் ரெயின்கோட் போடுவதுகூட உதவும்: காற்று படாவிட்டால் ஆவியாவது நின்றுவிடும்.

இந்திய வானிலைத் துறை சமவெளிகளுக்குக் குளிர் அலை என்று அறிவிக்க, குறைந்தபட்ச வெப்பநிலை முதலில் 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். வேலூர் நகரத்துக்கு அந்த அறிவிப்பு வரும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

படி 5: உடுத்துவது

தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலை.

தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியே கடத்த வேண்டும். பருத்தி பனியன் நம் வெயிலுக்கு வரம்; குளிரில் அது வியர்வையைக் குடித்துக்கொண்டு முதுகில் ஈரமாகவே ஒட்டிக் கிடக்கும். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட் போதும். தெர்மல் (குளிருக்கென்றே உள்ளே போடும் உடை) இருந்தால் இன்னும் நல்லது. நடு அடுக்கின் வேலை காற்றைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்வது: கம்பளி ஸ்வெட்டர், ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி. கம்பளிக்கு ஒரு நல்ல குணம், நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். வெளி அடுக்கு காற்றை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னிய ஸ்வெட்டரை மட்டும் போட்டு பைக்கில் ஏறினால் அதன் கண் ஒவ்வொன்றிலும் காற்று புகுந்து வரும். அதன்மேல் ஒரு சாதாரண ரெயின்கோட்டைப் போடுங்கள்; வித்தியாசம் முதல் கிலோமீட்டரிலேயே தெரியும்.

காற்றை அடைக்கத் தோலைப் போன்ற பொருள் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றித் தோல் தொழில்தான். இங்கே தைக்கும் ஷூ குளிர் நாடுகளுக்கெல்லாம் போகிறது. அந்த ஊர்க் கடைகளில் தேடினால் தோல் ஜாக்கெட்டும் கையுறையும் கிடைக்கும். கையுறை வாங்கும்போது மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக்கை அதற்குள் போகிற மாதிரிப் பாருங்கள். கடும் குளிர் நாட்டுக்குப் போகிறவர்களுக்கு விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் பை மாதிரியான கையுறை சூடு தரும்.

ஷூ இறுக்கமாக இருக்கக் கூடாது. இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் வேகமாக விறைக்கும். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை, மூடாமல் விட்டால் எந்தப் பகுதியிலும் போவது போலத்தான் தலையிலும் போகும். ஆனாலும் காது, மூக்கு நுனி, கழுத்து ஆகியவை காற்றுக்கு நேராக நிற்பவை என்பதால் மங்கி குல்லாவும் மஃப்ளரும் கட்டாயம் வேண்டும். ஏறும்போது வியர்க்க ஆரம்பித்தால் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், நின்றதும் மூடிக்கொள்ளுங்கள்.

படி 6: பைக்கில் மலை ஏறுகிறவர்களுக்கு

ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். வேலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம். ஏலகிரி 1,100 மீட்டர் அளவில் இருக்கிறது. கீழே 17 என்றால் மேலே 11 என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மேகமில்லாத இரவாக இருந்தால் இன்னும் இறங்கும். ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டரில் இருக்கும் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததே அந்தத் தெளிந்த வானத்துக்காகத்தான். வானம் தெளிவாக இருந்தால் தரை தன் சூட்டை இரவெல்லாம் மேலே விட்டுக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் பார்க்க நல்ல இரவு, திறந்தவெளியில் படுக்கக் கடினமான இரவு.

மேலே 10 டிகிரி, நீங்கள் 50இல் போகிறீர்கள் என்றால் சூத்திரப்படி ஐந்தரை டிகிரி போல இருக்க வேண்டும். உண்மையில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. காரணம், சூத்திரத்தில் போடும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. முகத்தருகே காற்று அதைவிட மெதுவாக இருக்கும் என்று அதிலேயே தள்ளுபடி உண்டு. பைக்கில் அந்தத் தள்ளுபடி கிடையாது.

இறங்கும்போதுதான் ஆபத்து. ஏறும்போது வண்டியை வளைத்து ஓட்டுவதில் உடம்பு கொஞ்சம் சூடாகவே இருக்கும். இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவிலும் விரல்கள் பிரேக் லீவர் மேலேயே நிற்கும், அசைவே இருக்காது, காற்று நேராக விரல் முட்டிகளில் அடிக்கும். முதலில் சுண்டுவிரல் மரத்துப்போகும். அப்புறம் லீவரைப் பிடித்திருக்கிறோமா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே விரலுக்குத் தெரியாது. ஓர் எளிய சோதனை: கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால், வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள். கையை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கி, விரல்கள் முழுதாக மடங்கி நீண்ட பிறகு கிளம்புங்கள். சைலன்ஸரிலோ இன்ஜினிலோ கை வைத்துச் சூடேற்ற வேண்டாம். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.

ஜாக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டால், டீக்கடையில் பழைய தினசரி வாங்கி நாலாக மடித்துச் சட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வையுங்கள். காற்று உள்ளே வராது. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்காரவைத்துப் போகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காற்று முழுவதையும் அந்தச் சின்ன உடம்புதான் வாங்குகிறது, நமக்குத் திரையாக நிற்கிறது.

டென்ட் போடுகிறவர்கள் உச்சியையும் பள்ளத்தின் அடியையும் தவிர்த்து, காற்றுக்கு மறைவான சரிவில் போடுங்கள். கீழே விரிப்பது மேலே போர்த்துவதற்குச் சமம்; தரை சூட்டை உறிஞ்சும். கரி அடுப்பையோ பார்பிக்யூ கரியையோ டென்டுக்குள், விடுதி அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அணைந்த மாதிரி தெரியும் கங்கும் அப்படித்தான்.

படி 7: குழந்தைகளும் பெரியவர்களும்

பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே குறைவு. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பு என்றால் சரி. வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே சில்லென்று இருந்தால், அம்மாவின் நெஞ்சோடு தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்தி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். பிறந்ததும் குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம். ஒரு நாள் முழுதாகப் போகட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

வயதானவர்களுக்குக் குளிர் உறைப்பதே தாமதமாகத்தான். நடுக்கமும் குறைவாக வரும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்களுக்கு விறைப்பு தெரியாது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், இதய நோய் உள்ளவர்கள் கோட்டையைச் சுற்றி நடக்கும் வழக்கத்தை மார்கழி, தை மாதங்களில் வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுக்கும் தாத்தாவை உள்ளே வரச் சொல்லுங்கள். வர மறுத்தால் பாயின் கீழே ஒரு ஜமுக்காளமாவது விரியுங்கள்.

படி 8: உடம்புச் சூடு இறங்கிவிட்டால்

உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. முதலில் வெடவெடவென்று நடுக்கம். அப்புறம் வார்த்தை குழறும், நடை தள்ளாடும், பட்டன் போடத் தெரியாது, கேட்டதற்கு ஏறுக்குமாறாகப் பதில் வரும். குடித்தவர் மாதிரி இருக்கும். அதனாலேயே பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆள் சில்லென்றே இருந்து, மந்தமாகி, நடுக்கமும் நின்றால் நிலைமை முற்றிவிட்டது.

உடனே 108ஐ அழையுங்கள். காற்றுக்கு மறைவாகக் கொண்டுபோங்கள். ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, காய்ந்த போர்வையால் தலை உட்பட மூடுங்கள். நெஞ்சு, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களுக்கு முதலில் சூடு; வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், முரட்டுத்தனமாகத் தூக்க வேண்டாம். குளிர்ந்த இதயம் சின்ன அதிர்ச்சியிலும் தாளம் தப்பலாம். நல்ல நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மட்டும் சர்க்கரை போட்ட சூடான பாலோ சுக்குக் காபியோ கொடுங்கள்.

ரம் கொடுக்காதீர்கள். "ரெண்டு மூடி போட்டா குளிர் தெரியாது" என்பது உண்மைதான், தெரியாது. தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே வருவதால்தான் கதகதப்பாகத் தோன்றுகிறது. அந்தச் சூடு அப்படியே காற்றில் போய்விடும்.

படி 9: பனி உறையும் நாட்டுக்குப் போகிறவர்களுக்கு

பனிக்கடி, அதாவது தோலும் சதையும் உறைந்துபோவது, காற்றின் வெப்பநிலை 0க்கு மேல் இருக்கும் இடத்தில் வராது. அதனால் ஏலகிரியில் அந்தக் கவலை வேண்டாம். கனடாவில் பயன்படுத்தும் அளவுகோல் இது: விண்ட் சில் மைனஸ் 28ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம், மைனஸ் 40இல் 5 முதல் 10 நிமிடம், மைனஸ் 48இல் 2 முதல் 5 நிமிடம். மைனஸ் 20 டிகிரியில் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நிற்கப் போகிற மாணவர், காற்று 20 அடித்தாலே முதல் அளவைத் தாண்டிவிடுவார். கிளம்பும் முன் பார்க்க வேண்டியது வெப்பநிலையை அல்ல, இந்த எண்ணை.

காது, மூக்கு, கன்னம், விரல் நுனி ஆகியவை முதலில் மாட்டும். நம்மவர் தோலில் வெளுப்பு சுலபத்தில் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி நிறம் மங்குவதையும், மெழுகு மாதிரி கெட்டிப்படுவதையும் பாருங்கள். வலித்த இடத்தில் திடீரென்று வலி நின்று உணர்ச்சியே இல்லாமல் போவது மோசமான அறிகுறி. தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால் கூட வருகிறவர் முகத்தை அவ்வப்போது பார்த்துச் சொல்வது பட்டாளத்திலும் பழக்கம்தான்.

பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, பனிக்கட்டியாலும் தேய்க்கக் கூடாது, நெருப்பிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகும் என்றால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், அதாவது முழங்கையை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் நீரில், அரை மணி நேரம் வரை மூழ்க வையுங்கள். ஆறினால் சூடு சேருங்கள். உணர்ச்சி திரும்பும்போது கடுமையாக வலிக்கும். கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம். ஆனால் மறுபடி குளிருக்குள் நடந்து போக வேண்டியிருந்தால் இதைச் செய்யவே கூடாது. ஒருமுறை இளகிய சதை மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு. அந்த நிலையில் காய்ந்த துணியால் தளர்வாகச் சுற்றி, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.